கொழுந்து இறங்கிய வழி

பதுளைக்கு ஒரு ஸ்டேஷன் முன்னதாகவே இறங்கிவிட்டேன். தவறு முழுக்க என்னுடையது. ஹாலிஎலவில் வண்டி நின்றதும் பெட்டியில் இருந்தவர்களில் பாதிப்பேர் மூட்டை முடிச்சுகளோடு எழுந்தார்கள். இத்தனை பேர் இறங்கினால் அது பெரிய ஊராகத்தான் இருக்கும் என்று நானும் பெட்டியையும் வரைபடக் குழாயையும் தூக்கிக்கொண்டு இறங்கினேன். வண்டி போன பிறகுதான் பெயர்ப்பலகையைப் படித்தேன். படித்துவிட்டு இறங்குவதுதான் உலக வழக்கம். எனக்கு எப்போதும் அவசரம்.

பிளாட்பாரத்து பெஞ்சில் ஒரு சிங்களப் பெண்மணி பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு என் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டேஷன்காரரிடம் ஏதோ கேட்டாள். அவர் சிரித்துவிட்டுத் தமிழில் எனக்குச் சொன்னார்: "ஐயா வேட்டைக்கு வந்திருக்கிறாரா, அதுக்குள்ள துவக்கா இருக்குன்னு கேக்குறா." கட்டடத்தின் வரைபடம் என்றேன். அவர் அதைச் சிங்களத்தில் சொல்ல, அவள் பலாப்பழத்தை மறுபக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். துப்பாக்கியாக இருந்திருந்தால் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்கும்.

அறுபதுகள் முடியப்போகிற சமயம் அது. சென்னையில் கட்டட வடிவமைப்பாளனாக இருபது வருடம் தள்ளியிருந்தேன். இரண்டு சினிமாக் கொட்டகை, ஒரு கல்யாண மண்டபம், எண்ணிக்கை மறந்துபோன வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் பூஜை அறை எந்த மூலை, கிணறு எந்த மூலை என்று சண்டை. எனக்கென்று ஒரு கட்டடம் வேண்டும், பார்க்கிறவன் ஒரு நிமிடம் பேசாமல் நிற்க வேண்டும் என்ற ஆசை மட்டும் தீரவே இல்லை. நாற்பத்தெட்டு வயதில் அந்த ஆசை அசட்டுத்தனமாகப் பட ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் பதுளையிலிருந்து கடிதம் வந்தது. மூடிக்கிடக்கும் ஒரு தேயிலைத் தொழிற்சாலையை ஓவியக் காட்சிசாலையாக மாற்றித் தர முடியுமா என்று ஒரு துணிக்கடை முதலாளி கேட்டிருந்தார். அளவெடுத்த படங்களையும் கூடவே அனுப்பியிருந்தார். நான் அந்தப் படங்களைப் பார்த்தே சென்னையில் உட்கார்ந்து முழுத் திட்டத்தையும் வரைந்து முடித்துவிட்டேன். இடத்தைப் பார்க்காமலே.

முதலாளியின் பெயர் சுலைமான் ஹாஜியார். ஸ்டேஷன்காரர் போன் செய்து சொல்ல, சாயங்காலம் அவரே காரை எடுத்துக்கொண்டு ஹாலிஎலவுக்கு வந்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் கையை அசைத்தார்.

"எல்லாரும் ஒரு தரம் ஹாலிஎலயில எறங்கித்தான் வாற. வாங்க இஞ்சினியர் ஐயா, பசியோட இரிப்பீங்க."

நான் இஞ்சினியர் இல்லை என்று சொன்னேன். அங்கிருந்த ஏழு நாளும் யாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அன்று இரவு அவர் வீட்டில் இடியப்பமும் கோழிக்கறியும் வட்டலப்பமும். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்ந்த அந்த வட்டலப்பத்தை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். எங்கள் திருச்சிப் பக்கத்தில் விருந்தாளி போதும் என்றால் இன்னும் இரண்டு முறை கேட்பார்கள். இங்கே கேட்பதே இல்லை, தட்டில் போட்டுவிடுகிறார்கள். சாப்பாடு முடிந்ததும் கடையின் பின்பக்கக் கிடங்குக்கு அழைத்துப் போனார். கைலிக் கட்டுகளுக்கும் சீட்டித் துணிச் சுருள்களுக்கும் நடுவே, சாக்குப் போட்டு மூடிய சட்டங்கள் சுவரில் சாய்ந்து நின்றன. அவருடைய அண்ணன் வரைந்த ஓவியங்கள்.

"நானா கொழும்புல படிச்சவர். மனுச உருவமே வரைய மாட்டார். வாப்பாக்குப் பயம். பிறகு அதுவே பழக்கமாப் போச்சு" என்றார் ஹாஜியார். நானா என்பது அங்கே அண்ணனைச் சொல்வது.

கதவிடுக்கில் விழும் வெயில், ஈரத் தகரம், மூடுபனியில் பாதி மறைந்த ஒரு மதில். இவைதான் படங்கள். ஆளே இல்லாத படங்கள். ஒன்று மட்டும் என்னைவிடப் பெரியது. சாம்பல் நிறத்துக்கு நடுவில் ஒரு வெளிறிய பட்டை, அவ்வளவுதான். எனக்கு ஓவியம் பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்தப் பட்டையைப் பார்த்தபோது, ஒரு கட்டடத்தை இந்த மாதிரி வெளிச்சத்தால் மட்டும் கட்டிவிட முடியாதா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நானா போய் மூன்று வருடம் ஆகிறதாம். அவர் படங்களோடு, இன்றைக்கு வரைந்துகொண்டிருக்கிற பிள்ளைகளின் படங்களும் மாட்ட ஓர் இடம் வேண்டும் என்பது அவர் கடைசியாகக் கேட்டதாம். துண்டு துண்டாக விற்கப்பட்ட ஒரு தோட்டத்தில், தொழிற்சாலை நிற்கும் துண்டை ஹாஜியார் அதற்காகவே வாங்கியிருந்தார்.

மறுநாள் அவருடைய கார் வியாபாரத்துக்காக மொனராகலைக்குப் போய்விட்டது. நான் பசறை பஸ்ஸில் ஏறினேன். அந்த ரோடு நேராகப் போவதே இல்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்டக்டர் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தார். ஆள் ஏறியதும் கட்டையை உருவிக்கொண்டு ஓடிவந்து தொற்றிக்கொண்டார். ஒரு மேட்டில் பஸ் திணறி நின்றது. நம் ஊராக இருந்தால் டிரைவரின் பரம்பரையையே இழுத்திருப்போம். இங்கே எல்லோரும் வாயைத் திறக்காமல் இறங்கி, மேட்டின் உச்சிவரை நடந்துபோய், அங்கே நின்று பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்கள். நானும் நடந்தேன். எனக்கு மட்டும்தான் மூச்சு வாங்கியது.

தொழிற்சாலையை வளைவு திரும்பியதும் பார்த்துவிட்டேன். மலைச்சரிவில் நான்கு மாடி. சுற்றிலும் தகரம், மேல் மாடிகள் மூன்றிலும் முனையிலிருந்து முனைவரை ஜன்னல்கள். வாசலில் காவல்காரர் ராமையா நின்றிருந்தார். தொழிற்சாலை ஓடிய காலத்திலும் அதே வேலை பார்த்தவர்.

"வாங்க தொரை. ஸ்டோரத் தொறந்து வச்சிருக்கேன்" என்றார். தோட்டத்தில் தொழிற்சாலைக்கு ஸ்டோர் என்றுதான் பெயர். துரை என்று கூப்பிட வேண்டாம் என்றேன். சரிங்க தொரை என்றார்.

இந்தக் கட்டடம் எப்படி வேலை செய்தது என்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் திட்டம் முழுவதும் அதில்தான் இருந்தது. மலையில் பறித்த கொழுந்து கம்பி வழியாக நேரே உச்சி மாடிக்கு வரும். அங்கே சணல் துணி கட்டிய தட்டுகளில் பரப்பி வைப்பார்கள். ஜன்னல் காற்றில் ஓர் இரவு வாடும். பிறகு தரையிலுள்ள சதுர ஓட்டைகள் வழியாக மாடி மாடியாகக் கீழே தள்ளுவார்கள். தரைத்தளத்தில் ரோலர் அதை நசுக்கும், அடுப்பு காயவைக்கும், சல்லடை பிரிக்கும். கொழுந்து உச்சியில் நுழைந்து, தூளாகித் தரை வாசல் வழியாக வெளியே போகும்.

பார்வையாளர்களையும் அப்படியே விடுவது என்பது என் யோசனை. பின்பக்கச் சரிவிலிருந்து உச்சி மாடிக்கு ஒரு பாலம். அதில் நடந்து மேலே நுழைய வேண்டும். பிறகு கொழுந்து இறங்கிய அதே ஓட்டைகளைச் சுற்றி ஒரு சாய்தளம், படிக்கட்டு இல்லாமல், மாடி மாடியாக இறங்கும். சுவர்கள் கிடையாது; படங்களைப் பழைய சணல் தட்டுகளில் மாட்டி, கண்காட்சிக்கு ஏற்றபடி நகர்த்திக்கொள்ளலாம். ஓட்டைகளுக்கு நேர் மேலே கூரைத் தகரத்தை எடுத்துவிட்டுக் கண்ணாடி. அந்த வெளிச்சம் நான்கு மாடியையும் துளைத்துக்கொண்டு தரைக்கு வரும். சாய்தளம் முடிகிற இடமும் வெளிச்சம் விழுகிற இடமும் ஒன்றே. இறங்கி வருகிறவன் கடைசி அடியை வெளிச்சத்தில் வைத்து நிமிர்ந்தால், எதிரே நானாவின் பெரிய படம். மின்விளக்கு ஒன்றுகூட வேண்டாம். இப்படி ஒரு காட்சிசாலை சென்னையிலும் இல்லை, கொழும்பிலும் இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அந்தக் கர்வத்தோடுதான் ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கினேன். அளவுகள் எல்லாம் சரியாக இருந்தன.

தரைத்தளத்தில், சாய்தளம் முடிய வேண்டிய இடத்தில் ஒரு கல் இருந்தது. முழங்கால் உயரம். மஞ்சளும் குங்குமமும் பூசி, முன்னால் ஓர் அகல் விளக்கு. எனக்கு வந்த அளவுப் படத்தில் அந்த இடத்தில் ஒரு சிறு வட்டம் மட்டும் போட்டிருந்தது. எடுத்துவிட்ட தூணின் அடிக்கட்டை என்று நினைத்திருந்தேன்.

"ரோதமுனிங்க" என்றார் ராமையா. ரோதை என்றால் சக்கரம். தோட்டங்களில் இயந்திரச் சக்கரத்துக்குக் காவலாக ஸ்டோருக்குள்ளேயே ஒரு முனியை வைத்துக் கும்பிடுவார்களாம், அது ஆளைக் காவு வாங்காமல் இருக்க. நான் குறிப்பேட்டில் 'கல் ஒன்று, அகற்ற வேண்டும்' என்று எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஆறு பேர் சுத்தம் செய்ய வந்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கொடுக்காமல், ஹாஜியாரின் கூலிக்காக வந்தவர்கள். துருப்பிடித்த தகரம், உடைந்த தட்டு, வௌவால் எச்சம் எல்லாவற்றையும் மளமளவென்று அள்ளிப் போட்டார்கள். மத்தியானத்துக்குள் தரைத்தளம் பளிச்சென்று ஆகிவிட்டது, கல்லைச் சுற்றி ஒரு வண்டிச்சக்கர அளவு இடம் தவிர. அங்கே மட்டும் துடைப்பம் வளைந்து வளைந்து போயிருந்தது.

எனக்குச் சலிப்பாக வந்தது. நான் ஒன்றும் சாமியை இடிக்கச் சொல்கிறவன் இல்லை. ரோடு அகலப்படுத்தும்போது எத்தனை பிள்ளையாரை நகர்த்தியிருக்கிறோம். நல்ல நாள் பார்த்து, தேங்காய் உடைத்து, பத்தடி தள்ளிச் சிமெண்டில் அழகாக ஒரு மேடை கட்டினால் சாமியும் சந்தோஷமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். இதைத்தான் ராமையாவிடம் விளக்கினேன். வெளியே மரத்தடியில் சின்னக் கோயிலாகவே கட்டித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

அவர் வேலை செய்தவர்களைப் பார்த்தார். அவர்கள் துடைப்பத்தைப் பார்த்தார்கள்.

"சாமிய நகத்தலாங்க, அதுக்கு முறை இருக்கு" என்றார் ராமையா. "செத்தவன எப்படிங்க நகத்துறது?"

அப்புறம் சொன்னார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ரோலரை ஓட்டுகிற பெல்ட் ஒருவரை இழுத்துக்கொண்டது. அந்த இடத்தில்தான். ஆட்கள் ரோதை பக்கமே போகமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். மூன்றாம் நாள் அவர்களே ஆற்றிலிருந்து கல் எடுத்துவந்து, அவர் விழுந்த இடத்தில் முனியை வைத்த பிறகுதான் ஸ்டோர் மறுபடி ஓடியது. அவருடைய மனைவி பாக்கியம் கீழ் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் வந்து விளக்கு வைக்கிறாள். அன்று வெள்ளிக்கிழமை.

வேலை விட்ட பிறகு அந்தியில் அவள் வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கொழுந்துக் கூடையை வாசலுக்கு வெளியே இறக்கி வைத்தாள். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு விளக்கில் எண்ணெய் ஊற்றி ஏற்றினாள். கும்பிடவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, மேசையில் விரித்திருந்த என் வரைபடத்தின் பக்கத்தில் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"இது இந்த ஸ்டோருங்களா?"

"ஆமாம்மா."

"இந்தக் கல்லு எங்க இருக்கு, இதுல?"

கல் அதில் இல்லை. சாய்தளத்தின் முடிவில் விரலை வைத்துக் காட்டினேன்.

"மேலேருந்து வர்றவங்க எல்லாம் இப்படித்தான் எறங்கி வருவாங்களா?"

"ஆமாம்."

"எல்லாரும் இங்கனதான் கால் வைப்பாங்க?"

பொய் சொல்லத் தோன்றியது. என் விரல் அங்கேயே இருந்தது. "ஆமாம்மா" என்றேன்.

"சரிங்க" என்றாள். கூடையை எடுத்து, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒரு சண்டை போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

ராமையா கதவைப் பூட்டிக்கொண்டே மீதியையும் சொன்னார். தோட்டத் தமிழரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி பாக்கியத்துக்கும் அவள் தம்பி குடும்பத்துக்கும் இந்தியா பாஸ்போர்ட் வந்துவிட்டது. அடுத்த வாரம் போகிறார்கள். "அவரப் பொதைச்ச எடத்துல அப்பவே தேயில வச்சுட்டாங்க தொரை. எந்த மரத்துக்கு அடியிலன்னு யாருக்கும் தெரியாது. பாக்கியத்துக்கு இருக்கறது இந்தக் கல்லு ஒண்ணுதான்."

நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் மழை. பதுளையில் ஹாஜியார் வீட்டு மாடியில் உட்கார்ந்து, சாய்தளத்தை ஆறு அடி நகர்த்தப் பார்த்தேன். எழுதும்போது ஆறு அடி என்பது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தக் கட்டடத்தில் இரும்புத் தூண்கள் பத்தடிக்கு ஒன்று. ஆறு அடி தள்ளினால் சாய்தளம் தூணில் இடிக்கிறது. இடிக்காமல் திருப்பினால் சரிவு கூடிக் கிழவர்கள் இறங்க முடியாது. இரண்டாக மடித்தால் கடைசி மடிப்பு இருட்டு மூலையில் போய் முடிகிறது. இறங்குகிறவனுக்கு எதிரே பெரிய படம் இல்லை, சுவர்தான் இருக்கிறது. வெளிச்சமோ ஆளில்லாத வெறும் தரையில் விழுகிறது. இருபது வருடமாக நான் காத்திருந்த அந்த ஒரு நிமிடம் அந்த ஆறு அடியில் இருந்தது. எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. அடுத்த வாரம் கடல் தாண்டிப் போகிறவள், திரும்பி வரவே போவதில்லை. அவள் போன பிறகு யார் எங்கே கால் வைத்தால் என்ன. அப்படி நினைத்தேன் என்று எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

இரவுச் சாப்பாட்டில் ஹாஜியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இறைச்சியைப் பிய்த்து என் தட்டில் வைத்தார்.

"பூமி என்ட. கட்டடம் ஒங்கட. அந்தக் கல்லு எனக்குச் சாமியில்ல, நான் அதைக் கும்புடவும் மாட்டேன், தொடவும் மாட்டேன்" என்றார். "ஆனா செத்துட்டா மய்யித்து எல்லாருக்கும் மய்யித்துத்தான். நானாட கபுறு மேல ஒரு ஆள் நடந்து போனா நான் என்ன செய்வேன்னு யோசிச்சிப் பாத்தேன். நீங்க என்ன முடிவு செய்தாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

ஏன் என்று கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடிவு என் தலையில் விழுந்தது. விடியும்போது சாய்தளத்தை மடித்து வரைந்து முடித்தேன். நல்ல திட்டம் இல்லை. அதை நல்லது என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. பின்னால் கட்டடம் திறந்தபோது, கொழும்பிலிருந்து வந்த ஒரு வடிவமைப்பாளர் அதைச் சரியாகக் கண்டுபிடித்தார். "எல்லாம் அருமை. ஆனால் இருக்கிறதிலேயே நல்ல வெளிச்சத்தைக் கொண்டுபோய் ஒன்றுமில்லாத இடத்தில் கொட்டியிருக்கிறீர்களே" என்று வருத்தப்பட்டார். மாணவனாக இருந்தால் மார்க்கைக் குறைத்திருப்பேன் என்றும் சொன்னார். நானும் குறைத்திருப்பேன்.

ஆறாம் நாள் மழை விட்டதும் முதல் வேலையாகப் பாக்கியத்தைப் பார்க்கக் கீழ் லயத்துக்குப் போனேன். ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு அறைகள் வரிசையாக. ஒவ்வொன்றும் நான் சென்னையில் வரைகிற வீடுகளின் சாமான் அறை அளவு. பின்பக்கம் ஜன்னல் கிடையாது. நாலடி அகல ஜன்னலா ஐந்தடியா என்று வீட்டுக்காரர்களோடு மாதக்கணக்கில் வாதாடியவன் நான். வாசலில் குனிந்து நுழைந்தேன்.

அவள் இரும்புப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். உட்கார ஒரு பலகை போட்டு, சுடச்சுட ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தாள். அந்த ரொட்டி தடியாக, கெட்டியாக, ஒன்று சாப்பிட்டால் மத்தியானம்வரை தாங்கும். பால் இல்லாத தேத்தண்ணி. அவள் அதைச் சாயத்தண்ணி என்றாள்.

"எந்த ஊருக்குப் போறீங்க?" என்று கேட்டேன்.

"திருச்சிப் பக்கம்னு எழுதியிருக்காங்க. துறையூருக்கு அங்கிட்டாம். எங்க தாத்தா அங்கேருந்து வந்தவராம். ஐயாவும் திருச்சின்னு ராமையாண்ணன் சொன்னாரு. அங்க மலை இருக்குங்களா?"

கொல்லிமலை, பச்சைமலை இருக்கிறது என்றேன். அதில் தேயிலை இல்லை என்பதையும் சொன்னேன். வேறென்ன வேலை இருக்கும் என்று அவள் கேட்டாள். நிலக்கடலை, சோளம், வெங்காயம் என்று சொல்லிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல, நான் பிறந்த ஊரைப் பற்றி நானே பொய் சொல்வது போல இருந்தது. அந்த வெயிலில் வெங்காயக் காட்டில் இவள் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவளுக்கு இருபத்தைந்து வருடமாகக் கொழுந்து பறிக்க மட்டும்தான் தெரியும்.

பிறகு வந்த விஷயத்தைச் சொன்னேன். திட்டத்தை மாற்றிவிட்டேன், கல் இருந்த இடத்திலேயே இருக்கும், சுற்றிக் கட்டை போட்டுவிடுவேன், யாரும் அங்கே கால் வைக்கமாட்டார்கள் என்றேன். அவள் அழுவாள், கும்பிடுவாள் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன். அவள் ஒரு சேலையை மடித்து முடித்துப் பெட்டியில் வைத்தாள்.

"ஒங்களுக்கு வேலை கெட்டுப் போச்சுங்களா?"

"கொஞ்சம்" என்றேன்.

"அதுக்கு முன்னுக்க என்ன இருக்கும்? யாராச்சும் வரைஞ்ச படமா?"

"ஒன்றும் இருக்காது. வெறும் தரைதான். மேலேயிருந்து வெளிச்சம் வரும், அவ்வளவுதான்."

அவளுக்குப் புரியவில்லை. புரியாததை மேலே கேட்கவும் இல்லை. இன்னொரு ரொட்டி வைத்தாள்.

ஏழாம் நாள், நான் கிளம்புவதற்கு முந்தைய நாள், வெளிச்சத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ராமையாவும் இரண்டு பேரும் கூரைக்கு ஏறி ஓட்டைகளுக்கு மேலே இருந்த தகரங்களைக் கழற்றினார்கள். பிறகு மாடி மாடியாக இறங்கி, ஒவ்வொரு ஓட்டையையும் மூடியிருந்த பலகைகளைத் தூக்கினார்கள். நான் கீழே, அந்த இருட்டில், கல்லிலிருந்து நாலடி தள்ளி நின்றிருந்தேன். உச்சிவெயில் நேரம். கடைசிப் பலகையைத் தூக்கியதும் வெளிச்சம் தூசியோடு நேராக இறங்கித் தரையில் சதுரமாக விழுந்தது. கல், விளக்கு, சிமெண்டில் பழைய எண்ணெய்க் கறை எல்லாம் தெரிந்தன. தரைத்தளத்தில் வேலை செய்துகொண்டிருந்த மற்றவர்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள். நான் இருபது வருடமாகக் கேட்ட அந்த ஒரு நிமிடம் இதுதான். கிடைத்ததே தெரியாமல் அது போய்க்கொண்டிருந்தது.

வாசலில் பாக்கியம் நின்றிருந்தாள். தோட்டத்தில் பேர் வெட்டிவிட்டார்கள், இனி அவளுக்கு வேலை இல்லை. அதனால் பகலில் வர முடிந்தது. இத்தனை வருடமும் வேலை விட்டு அந்தியில்தான் வந்திருக்கிறாள். பகலில் இந்த இடத்தை அவள் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மெதுவாக உள்ளே வந்தாள். வெளிச்சத்தின் விளிம்பு வரை வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள். நான்கு மாடிக்கும் மேலே ஒரு துண்டு வானம். பிறகு தரையைப் பார்த்தாள். எண்ணெய்க் கறையை வெகுநேரம் பார்த்தாள்.

"கண்ணாடி போட்டுருவோம்மா, மழை உள்ள வராது" என்று சொன்னேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்றுதான் சொன்னேன். "இந்த வெளிச்சம் எப்பவும் இப்படியே இருக்கும்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. குரலும் உயரவில்லை.

"இங்கன ஒரு பல்பு இருந்துச்சுங்க. அது போயிருச்சு. இருட்டுல பெல்ட்டு ஓடுறது கண்ணுக்குத் தெரியலைன்னு எட்டு நாளாக் கேட்டாரு. தெனம் வீட்டுக்கு வந்து எங்கிட்டயும் சொல்லுவாரு, இன்னைக்கும் கேட்டேன், நாளைக்குப் போடுறேன்னாங்கன்னு. ஒரு பல்புதாங்க கேட்டாரு."

ராமையா மேல்மாடி ஓட்டையிலிருந்து எங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒம்பதாம் நாளு அவரத் தூக்கிட்டு வந்தாங்க" என்றாள். "அதுக்கு மறுநாளே மூணு பல்பு போட்டாங்க."